ஜெயித்தவன் பெயர் தெரியும், செத்தவன் பெயர்?

பஸ்ஸில் போகும்போது டிரைவரின் தலைக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். லாரியிலும் டிராக்டரிலும் அது காது மாதிரிப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருவதை டிரைவருக்குக் காட்டுகிற கண்ணாடி. அதற்கு ஒரு கதை உண்டு. போன மாதம் சங்க ஆபீசில் ஓர் இளம் தோழர், ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்கிறவர், அதை என்னிடம் மிகுந்த ஆச்சரியத்தோடு சொன்னார்.

கதை இதுதான். 1911ம் வருஷம் மே மாதம் 30ந் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்தில் 500 மைல் மோட்டார் பந்தயம் முதன்முதலாக நடந்தது. நாற்பது கார்கள் புறப்பட்டன. ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர். ரே ஹாரூன் என்பவருடைய காரில் மட்டும் ஒரே ஆள். பின்னால் வருகிற காரைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லையே, இது எல்லோருக்கும் ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். ஹாரூன் தன் முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்தினார். பந்தயத்தில் ஜெயித்தார். 10,000 டாலர் பரிசு வாங்கினார்.

"ஒரு கண்ணாடித் துண்டு ஓர் ஆளின் வேலையைச் செய்துவிட்டது பார்த்தீர்களா, தோழர்!" என்றார் அந்த இளைஞர்.

"அந்த ஆள் யார்? மற்ற கார்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் யார்? அவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கதையில் அது இல்லை. எனக்கும் அன்றைக்கு முழுக்கத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் மெக்கானிக்குகள், தொழிலாளிகள். நம் லாரியில் கிளீனர் இருக்கிறான் அல்லவா, அவனுடைய வேலைக்கும் இவர்களுடைய வேலைக்கும் அதிக தூரமில்லை. பெட்ரோல் டாங்கியில் காற்றழுத்தம் குறையாமல் கையால் பம்பு அடிக்க வேண்டும். எஞ்சினுக்கு எண்ணெய் பம்பு செய்ய வேண்டும். நான்கு டயரையும் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும், ரப்பர் தேய்ந்து துணி தெரிந்தால் சொல்ல வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்து எந்தப் பக்கம் கார் வருகிறது என்று டிரைவரின் முழங்காலிலோ தோளிலோ தட்ட வேண்டும். எஞ்சின் போடுகிற கூச்சலில் வாயால் சொன்னால் கேட்காது. கார் நின்றால் முதலில் குதிப்பவன் அவன், டயர் மாற்றுகிறவனும் அவன்தான்.

டிரைவருக்காவது பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது. இவனுக்கு ஒரு கைப்பிடி. இடுப்பில் வார் கிடையாது. தலையில் துணித் தொப்பி அல்லது தோல் தொப்பி. வேகம் மணிக்கு எழுபது, எண்பது மைல்.

1911 பந்தயத்தில் ஆர்தர் கிரெய்னர் என்பவர் ஓட்டிய ஆம்ப்ளெக்ஸ் காரில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் சாம் டிக்சன். மைதானத்தை 200 தடவை சுற்ற வேண்டிய பந்தயத்தில் அந்தக் கார் 12 சுற்று முடித்திருந்தது. சக்கரம் கெட்டுக் கார் தறிகெட்டது. இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். கிரெய்னர் காயத்தோடு பிழைத்தார். டிக்சன் வேலியில் மோதிச் செத்தார்.

பந்தயம் நின்றதா? நிற்கவில்லை. இன்னும் 188 சுற்று பாக்கி இருந்தது. பெரும் ஜனக்கூட்டம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தது. கம்பெனிகள் பணம் போட்டிருந்தன. பிணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு மணி 42 நிமிஷம் 8 விநாடியில் ஹாரூன் முதலாவதாக வந்தார் என்று அறிவித்தார்கள்.

அந்தப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலை இன்றும் பார்க்கலாம். கடைசி வரி, நாற்பதாவது வரி: கிரெய்னர், ஆம்ப்ளெக்ஸ், 12 சுற்று, விபத்து. சாம் டிக்சன் அந்த 'விபத்து' என்ற சொல்லுக்குள்ளே இருக்கிறார். பெயர் போடுவதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இது எதிர்பாராமல் நடந்ததா? அதுதான் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த மைதானம் என்ன செய்யும் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

மைதானத்தைக் கட்டியவர்கள் நான்கு பேர். கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அல்லிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர். நான்கு பேரும் மோட்டார் வியாபாரத்திலே கொழித்தவர்கள். ஃபிஷரும் அல்லிசனும் கார் விளக்குக்கு வாயு அடைத்து விற்கிற பிரெஸ்ட்-ஓ-லைட் கம்பெனிக்காரர்கள். அந்த வாயு அடைக்கிற தொழிற்சாலை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வெடித்தது என்பது வேறு கதை. நியூபி, நேஷனல் என்ற கார் கம்பெனியின் தலைவர். வீலர், எஞ்சினுக்கு வேண்டிய கார்புரேட்டர் செய்கிற வீலர்-ஷெப்ளர் கம்பெனியில் கூட்டாளி. சோளக் கொல்லையாய்க் கிடந்த நிலத்தை வாங்கி, இரண்டரை மைல் சுற்றளவில் பந்தயப் பாதை போட்டார்கள். காரைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று சொன்னார்கள். சோதிக்கவும் செய்யலாம், டிக்கெட்டும் விற்கலாம், ஜெயித்த காரைப் பத்திரிகையில் விளம்பரமும் செய்யலாம். ஒரு மாட்டில் மூன்று பால்!

பாதையை எப்படிப் போட்டார்கள்? ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, உருளையை ஓட்டினார்கள். 1909 ஆகஸ்டு 19ந் தேதி காரை விட்டார்கள். கார்களின் வேகத்தில் பாதை பெயர்ந்தது. குழி விழுந்தது. கல்லும் தாரும் முகத்தில் அடித்தன. முதல் நாளே, பிரெஸ்ட்-ஓ-லைட் கோப்பைக்கான 250 மைல் பந்தயத்தில், வில்லியம் பூர்க் என்ற டிரைவரும் அவருடைய மெக்கானிக் ஹாரி ஹோல்கம்பும் செத்தார்கள்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்று நாள் விழா என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தாயிற்று. மூன்றாவது நாள் 21ந் தேதி, வீலர்-ஷெப்ளர் கோப்பைக்கான 300 மைல் பந்தயம். நேஷனல் கார் ஒன்றின் டயர் வெடித்தது. கார் வேலியை உடைத்துக்கொண்டு ஜனங்களுக்குள் பாய்ந்தது. பார்க்க வந்தவர்கள் இரண்டு பேரும், காரில் இருந்த மெக்கானிக் கிளாட் கெல்லமும் செத்தார்கள். அவர் வழக்கமாக அந்தக் காரில் போகிறவர்கூட இல்லை. வேறொரு காரின் மெக்கானிக். இதில் ஆள் தேவைப்பட்டதால் மாறி ஏறினார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். 235 மைலோடு பந்தயத்தை நிறுத்தினார்கள்.

கவனித்தீர்களா? கோப்பை முதலாளிகளுடைய கம்பெனியின் பெயரில். பாதை முதலாளிகளுடையது. கொன்ற கார் அந்த நால்வரில் ஒருவருடைய கம்பெனிச் சரக்கு. மூன்று நாளில் ஐந்து உயிர். அதில் இரண்டு உயிர் பக்கத்து ஆசனத்தில் இருந்த மெக்கானிக்குகளுடையது.

பத்திரிகைகள் கண்டித்து எழுதின. பந்தயங்களுக்கு அனுமதி கொடுக்கிற அமெரிக்க மோட்டார் சங்கம், பாதையைச் சரிசெய்யாவிட்டால் இனி இங்கே பந்தயம் கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்போதுதான் முதலாளிகளுக்குக் காது கேட்டது. பாதை முழுவதையும் செங்கல்லால் தளம் போட்டார்கள். மொத்தம் 32 லட்சம் செங்கல், 63 நாள். தினத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். மணல் பரப்பி, ஒவ்வொரு கல்லாகக் கையால் வைத்து அடித்தார்கள். ஒரு கல் ஒன்பது, பத்து ராத்தல். செங்கல் சுமந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும், நான் விளக்க வேண்டியதில்லை. 'செங்கல் களம்' என்று அந்த மைதானத்துக்கு இன்றும் செல்லப் பெயர். கல்லுக்குப் பெயர் கிடைத்தது, வைத்த கைகளுக்கு இல்லை.

நான் நியாயமாகப் பேச வேண்டும். செங்கல் தளம் நல்ல காரியம். ஜல்லிப் பாதையைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது எப்போது வந்தது? ஐந்து பேர் செத்த பிறகு, அனுமதி போய்விடும், வசூல் போய்விடும் என்ற நிலை வந்த பிறகு. அதே தளத்தின் மீதுதான் 1911ல் டிக்சன் செத்தார். தளத்தை மாற்றியவர்கள் ஆசனத்தை மாற்றவில்லை. துணித் தொப்பியை மாற்றவில்லை.

இங்கே ஒரு பதில் வரும். நம் தோழர்களில் சிலரே கேட்பார்கள். "யாராவது அவர்களைக் கட்டிப்போட்டு ஏற்றினார்களா? ஆபத்து என்று தெரிந்துதானே ஏறினார்கள்? வீர விளையாட்டு என்றால் அப்படித்தான்."

இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இது பந்தய மைதானத்தில் பிறந்த பதில் அல்ல. கோர்ட்டிலிருந்து வந்த பதில்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் மில்லில் ஒருவனுக்குக் கை போனால், சுரங்கத்தில் ஒருவன் செத்தால், நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். போனால் முதலாளியின் வக்கீல் மூன்று கேடயத்தை எடுப்பார். முதலாவது: இந்த வேலையில் ஆபத்து உண்டு என்று தெரிந்தே அவன் சேர்ந்தான், ஆபத்தை அவனே ஏற்றுக்கொண்டான். இரண்டாவது: தவறு முதலாளியுடையது அல்ல, கூட வேலை செய்த இன்னொரு தொழிலாளியுடையது, அவனிடம் போய்க் கேள். மூன்றாவது: அவனும் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தான். இந்த மூன்றில் ஒன்று நின்றாலும் போதும், வழக்கு தள்ளுபடி. விதவைக்குக் கிடைப்பது வக்கீல் பீஸ் பாக்கி.

இந்த மூன்றையும் அப்படியே எடுத்துப் பந்தயக் காருக்குள் வையுங்கள். டிக்சன் ஆபத்தைத் தெரிந்து ஏறினார். கார் ஓட்டியவர் கிரெய்னர், கம்பெனி அல்ல. சக்கரத்தைக் கவனிப்பது மெக்கானிக்கின் வேலைதானே? எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! காரைச் செய்தவன், பாதையைப் போட்டவன், டிக்கெட் விற்றவன் ஒருவன் மீதும் ஒட்டவில்லை.

அதே 1911ம் வருஷம் மார்ச் 24ந் தேதி நியூயார்க் மாகாணத்தின் உச்ச கோர்ட், அங்கே புதிதாக வந்திருந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. முதலாளி தவறு செய்தான் என்று நிரூபிக்காமல் அவனிடம் பணம் வாங்குவது அவன் சொத்தைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். மறுநாள் 25ந் தேதி அதே மாகாணத்தில், டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கிற தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் இண்டியானாபோலிஸில் 500 மைல் பந்தயம். இண்டியானா மாகாணத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1915ல். டிக்சன் நான்கு வருஷம் முந்திக்கொண்டார்.

தெரிந்துதான் ஏறினான் என்பது பாதி உண்மை. வாலிபன், யந்திரத்தின் மேல் ஆசை, வேகத்தின் மேல் ஆசை. நான் மறுக்கவில்லை. நம் மில்லில் புது மெஷின் வந்தால் சின்னப் பையன்கள் எப்படிச் சுற்றி நிற்கிறார்கள்! ஆனால் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். மோட்டார் தொழிலாளிக்கு அன்று என்ன கிடைத்தது? டெட்ராயிட்டில் ஃபோர்டு கம்பெனி 1914 ஜனவரியில் கூலியை ஐந்து டாலராக உயர்த்துவதற்கு முன்னால், அங்கே ஒன்பது மணி நேர வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 2 டாலர் 34 சென்ட். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால், ஹாரூனுக்குக் கிடைத்த 10,000 டாலரைச் சம்பாதிக்க அந்தத் தொழிலாளி பதினான்கு வருஷம் உழைக்க வேண்டும். இப்படிப்பட்டவன் பந்தயக் காரில் ஏறினால், அவனாகத்தான் ஏறினான் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவ முடியுமா?

ஹாரூனை நான் குறை சொல்லவில்லை. அவரும் எஞ்சினியர், காரை வடிவமைத்ததில் பங்குள்ளவர், கை கறுத்தவர். அவர் ஓட்டிய மஞ்சள் நிற மார்மன் கார், மாவு மில் யந்திரம் செய்து பெயர் வாங்கிய கம்பெனியின் கார். 'குளவி' என்று அதற்குப் பெயர். ஓர் ஆளைக் குறைத்தால் எடை குறையும், காரின் உடம்பு ஒடுங்கும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பதுதான் அவருடைய கணக்கு. சரியான கணக்கு. கண்ணாடி, ஆட்சேபித்தவர்களுக்குச் சொன்ன பதில். செங்கல் பாதையில் கார் அதிர்ந்த அதிர்ச்சியில் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லிவிட்டார்! நடுவில் களைத்துப்போய்க் கொஞ்ச நேரம் சைரஸ் பாட்ச்கே என்ற வேறொரு டிரைவரிடம் காரைக் கொடுத்து இளைப்பாறினார். அந்தப் பெயரையும் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. கண்ணாடி யோசனை எங்கிருந்து வந்தது? சிகாகோ நகரத் தெருவில் ஒரு குதிரை வண்டியில் அப்படிப் பொருத்தியிருந்ததை முன்பு பார்த்திருந்ததாக ஹாரூன் சொன்னார். ஆக, கண்டுபிடித்தவன் யாரோ ஒரு வண்டிக்காரன். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க அவனுக்கு வேறு ஆளில்லை, கூலி கொடுத்து ஆள் வைக்க வழியுமில்லை. அவன் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

அந்த முதல் பந்தயத்தில் உண்மையில் நினைக்க வேண்டிய மனிதர் வேறொருவர் இருக்கிறார். பெயர் ஹாரி நைட். இளம் டிரைவர். பந்தயம் பாதியை நெருங்கிய சமயம். ஜோ யாகர்ஸ்பெர்கர் ஓட்டிய கேஸ் கம்பெனிக் கார் கட்டுக்கடங்காமல் தள்ளாடியது. அதிலிருந்த மெக்கானிக் பாதையிலே விழுந்துவிட்டார், பார்வையாளர் மேடைக்கு நேர் எதிரே. பின்னால் நைட்டின் கார் முழு வேகத்தில் வருகிறது. நேரே போனால் பந்தயத்தில் இருக்கலாம், விழுந்தவன் இருக்கமாட்டான்.

நைட் காரை ஒடித்தார். அது சறுக்கிக்கொண்டு போய், பழுது பார்க்க நிறுத்தியிருந்த வேறொரு காரில் மோதி நொறுங்கியது. நைட்டுக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் காயம். அவருடைய பந்தயம் அத்தோடு முடிந்தது. பாதையில் விழுந்த மெக்கானிக் உயிரோடு எழுந்தார்.

ஒரு விநாடிகூட இருந்திருக்காது யோசிக்க. பரிசுப் பணத்தையும் தன் காரையும், ஏன், தன் உயிரையும் ஒரு பக்கம் வைத்து, முன்பின் பழகாத ஒரு தொழிலாளியின் உயிரை மறுபக்கம் வைத்து எடை போட்டு, எந்தப் பக்கம் கனம் என்று அந்தக் கை சொல்லிவிட்டது. மைதானத்தைக் கட்டிய நான்கு பேருக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தும் சொல்லத் தெரியாத பதில் அது. நைட் 1913ல் வேறொரு பந்தயத்தில் உயிரிழந்தார்.

அந்தக் களேபரத்தில், சுற்றுக் கணக்கு எழுதுகிறவர்கள் என்ன நடந்தது என்று பார்க்க இடத்தை விட்டு ஓடினார்கள், கணக்கு தவறியது என்று அன்றிலிருந்து ஒரு புகார் உண்டு. ரால்ஃப் மல்ஃபோர்டுதான் உண்மையில் ஜெயித்தார் என்று வாதாடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர் இரண்டாவது என்று அறிவிக்கப்பட்டவர். முதலாவது யார் என்று நூறு வருஷமாக விவாதம் நடக்கிறது. நடக்கட்டும்.

இப்போது அந்த இளம் தோழரின் வார்த்தைக்கு வருகிறேன். ஒரு கண்ணாடித் துண்டு ஓர் ஆளின் வேலையைச் செய்துவிட்டது. நமக்கு இந்த வார்த்தை கேட்டுப் பழகியது. ஒரு ஆள் இரண்டு தறி பார்த்த இடத்தில் நான்கு தறி, ஆறு தறி என்று வந்தபோது மானேஜர்கள் இதே குரலில்தான் பேசினார்கள். அதனால் கண்ணாடியைக் கண்டாலே கோபம் வரலாம். எனக்குக் கண்ணாடி மேல் கோபமில்லை. மனிதனைச் சாவின் பக்கத்து ஆசனத்திலிருந்து எழுப்பி விடுகிற யந்திரம் எதுவானாலும் வரட்டும். ஆனால் அவனை எழுப்பியது கண்ணாடியா? பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

ஹாரூன் தனி ஆளாக ஜெயித்த மறுவருஷமே, 1912ல், இனி ஒவ்வொரு காரிலும் மெக்கானிக் கட்டாயம் என்று விதி போட்டார்கள். கண்ணாடி ஜெயித்தது, ஆனாலும் ஆளைத் திரும்ப ஏற்றினார்கள்! 1922 வரை அந்த விதி. 1923ல் கார்கள் சிறுத்து ஒடுங்கின, ஒற்றை ஆசனம் போதும் என்றார்கள். மெக்கானிக் இறங்கினான். 1930ல் மறுபடி விதி மாறியது. அப்போது மைதானத்தின் சொந்தக்காரர் எட்டி ரிக்கன்பாக்கர். கடையில் விற்கிற கார் மாதிரி பந்தயக் கார் இருக்க வேண்டும், அப்போதுதான் கார் கம்பெனிகள் திரும்ப வரும் என்று நினைத்தார்கள். கடைக் காரில் இரண்டு பேர் உட்காருகிறார்கள், ஆகவே பந்தயக் காரிலும் இரண்டு பேர். மெக்கானிக் மறுபடி ஏறினான். எதற்கு? பின்னால் பார்க்கவா? பம்பு அடிக்கவா? காரின் தோற்றம் அப்படி இருக்க வேண்டும் என்பதற்காக!

அந்த 1930ம் வருஷப் பந்தயத்தில் சை மார்ஷல் என்பவர் காரை ஓட்டினார். பக்கத்தில் மெக்கானிக்காக இருந்தவர் அவருடைய கூடப்பிறந்த சகோதரர் பால். கார் சுவரில் மோதியது. ஓட்டிய சகோதரர் பிழைத்தார், பக்கத்தில் இருந்த சகோதரர் செத்தார்.

1933ல் பந்தயத்தன்றும் அதற்கு முந்திய தகுதி ஓட்டத்திலுமாக ஐந்து பேர் மாண்டார்கள். மூன்று டிரைவர்கள், இரண்டு மெக்கானிக்குகள். அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. பக்கத்து ஆசனத்துக்கு ஆள் கிடைக்காமல் போகவில்லை.

1935ல்தான் அந்த மைதானத்தில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. சாம் டிக்சன் செத்து இருபத்துநான்கு வருஷம் கழித்து.

1937 வரை மெக்கானிக் இல்லாமல் கார் புறப்படக் கூடாது என்பது சட்டம். 1938ல் விதியைத் தளர்த்தினார்கள், இஷ்டமிருந்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று. அந்த வருஷம் புறப்பட்ட கார்களில் ஒன்றில்கூட பக்கத்து ஆசனத்தில் ஆள் இல்லை.